நம்ம ஆளா? ஆம் / இல்லை

ஒரு காட்டில் ஒரு நகர் இருந்தது. காட்டுக்குள் ஏது நகர் என்று கேட்காதீர்கள். ஏரியைத் தூர்த்துவிட்டு அதே இடத்துக்கு ஏரிக்கரை அவென்யூ என்று பெயர் வைக்கிற உலகத்தில், காட்டுக்குள் ஒரு நகர் இருந்துவிட்டுப் போகட்டும். அதன் பெயர் புள்ளிமான் நகர். முப்பது வருஷத்துக்கு முன்னால் இருபது மான் குடும்பங்கள் முள்ளை வெட்டி, மனை பிரித்து, முன்வாசலில் வளைவு கட்டிக் குடியேறின. அன்றைக்கு அங்கே தண்ணீர் கிடையாது, விளக்கு கிடையாது, பஸ் கிடையாது. வேறு எந்த விலங்கும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதையே மான்கள் பிற்பாடு தங்கள் பண்பாடு என்று சொல்லிக்கொண்டன.

அந்த நகரின் நலச்சங்கச் செயலாளர் தணிகாசலம். நில அளவைத் துறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மான். கொம்பு தேய்ந்துவிட்டது, ஆனால் முத்திரை குத்துகிற கை இன்னும் தேயவில்லை. வீட்டில் பால் பாக்கெட் தீர்ந்தால்கூட மனைவி விசாலத்திடம், "எழுத்துமூலமா குடு" என்பார். வீடு விசாலத்தின் பெயரில் இருந்தது. அன்பினால் அல்ல. அரசு வேலையில் இருந்தபோது வாங்கின வீடு, யாராவது கணக்குக் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து மனைவி பெயரில் பதிவு செய்திருந்தார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் காட்டின் தெற்கே கண்ணாடிக் கட்டடமாக ஒரு தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. அதன் பின்னாலேயே கீரிகள் வந்தன. நரிகள், நீர்நாய்கள், முள்ளம்பன்றிகள் என்று வரிசையாக வந்தன. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு விடியலில் போய் இருட்டில் திரும்பின. நல்ல சம்பளம். மான்கள் உடனே இரண்டு வேலை செய்தன. கீழே நின்றுகொண்டு, "கண்டதுங்க எல்லாம் வந்துடுச்சு, ஏரியா கெட்டுப்போச்சு" என்று புலம்பின. மேலே மாடி கட்டி, அந்தக் கண்டதுகளுக்கே வாடகைக்கு விட்டன.

தணிகாசலமும் மாடி கட்டினார். வாசலில் 'மான்களுக்கு முன்னுரிமை' என்று பலகை தொங்கவிட்டார். முன்னுரிமை என்றால், மான் வந்தால் ஒரு வாடகை, மற்றவர் வந்தால் இரண்டு மடங்கு. மூன்று மாதம் பலகை தொங்கியது. வந்த மான்களுக்கெல்லாம் தணிகாசலமே ஏதாவது குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்.

கடைசியில் துரைக்கண்ணு ஒரு முள்ளம்பன்றியை அழைத்துக்கொண்டு வந்தது. துரைக்கண்ணு வீட்டுத் தரகு பார்க்கிற ஓணான். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டும். அந்தத் தலையாட்டலை வைத்தே அது நான்கு வீடு கட்டிவிட்டது. முள்ளம்பன்றியின் பெயர் செல்வராணி. முதுகு முள்ளை மறைக்கத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியிருந்தாள். துப்பட்டாவில் நாற்பது ஓட்டை.

"நம்ம ஆளுங்களா?" என்று கேட்டார் தணிகாசலம்.

"நம்ம ஆளுதான் சார்" என்று தலையை ஆட்டியது ஓணான்.

"சாப்பாடு?"

"கிழங்கு சார். வெறும் கிழங்கு."

"வாடகை ரெண்டு மடங்கு. கையில குடுக்கணும். ரசீது கேக்கக் கூடாது."

"சரிங்க சார்" என்றாள் செல்வராணி.

தணிகாசலம் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தார். ஓட்டைகளில் எட்டிப்பார்த்த முள்ளையும் பார்த்தார். "அப்ப நம்ம ஆளுதான்" என்று சாவியைக் கொடுத்தார்.

இப்படித்தான் அந்த நகர் நிரம்பியது. துரைக்கண்ணு குடிவந்த ஒவ்வொருவர் காதிலும் ஒரே பாடத்தை ஓதியிருந்தது. "யாரு என்ன கேட்டாலும் நம்ம ஆளுதான்னு சொல்லிடுங்க. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா அவங்களுக்குத்தான் அசிங்கம்." தரகுக் காசு அதற்குத்தான்.

நகருக்கு இரண்டு வாசல். முன்வாசல் வழியாகப் போனால் பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, கொக்கு டாக்டரின் கிளினிக், எல்லாம் ஐந்து நிமிஷம். பின்வாசல் சாக்கடைமேல் திறக்கும். அதைத் தாண்டி முள்ளுக்குள் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வர அரை மணி நேரமாகும். அந்த வாசலை யாரும் திறந்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை தணிகாசலம் நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார். முன்வாசலில் பைக்கும் காருமாக வரிசை. அவருக்கு முன்னால் ஒன்பது கீரிகள். பத்தாவதாக, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவின ஒரு நீர்நாய் ஹாரன் அடித்தது. அவர் கட்டின வளைவு, அவர் தீர்மானம் போட்டு வைத்த கேட், அதில் அவரே வரிசையில் நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கண்ணீர் காய்வதற்குள் அவர் வீட்டுக்குத் திரும்பி ஒரு படிவம் வரைந்துவிட்டார்.

திட்டம் எளிமையானது. நம்ம ஆளுங்களுக்கு முன்வாசல். மற்றதுகளுக்குப் பின்வாசல். ஆனால் நேரடியாக 'நீங்கள் எந்த இனம்' என்று கேட்க முடியாது. இனம் கேட்டு ஒதுக்கினால் தண்டனை என்று வன நிர்வாகம் சட்டம் போட்டிருந்தது. முப்பது வருஷம் கோப்பு தின்ற மானுக்கு இது ஒரு பிரச்சினையா? முதல் கேள்வியை நாசூக்காக அமைத்தார்: 'நம்ம ஆளா? ஆம் / இல்லை.' இரண்டாவது கேள்வி: 'குடும்பத்தின் மாத வருமானம்.' இனத்தை மட்டும் கேட்டால் தப்பாகத் தெரியும், வருமானத்தையும் சேர்த்துக் கேட்டால் புள்ளிவிவரம் ஆகிவிடும் என்பது அவர் கணக்கு.

பொதுக்குழு கூடியது. தணிகாசலம் தீர்மானத்தைப் படித்தார். "நம்ம ஆள் அல்லாத குடும்பங்கள் இனி பின்வாசலையே பயன்படுத்த வேண்டும். படிவத்தில் கொடுத்த விவரத்தைப் பின்னால் மாற்ற நினைப்பவர்கள், உண்மையான வருமானத்துக்கு ஆதாரம் தர வேண்டும். அந்த ஆதாரம் வட்டாட்சியருக்கும் அனுப்பப்படும். கூடவே, நம்ம ஆள் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்." வந்தேறிகள் ஏமாற்றிவிட்டு நழுவக் கூடாது என்பதற்காக அந்தக் கடைசி இரண்டு வரிகளை அவர் நள்ளிரவு வரை யோசித்துச் சேர்த்திருந்தார்.

எதிர்ப்பு வரும் என்று தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு எதிர்ப்பும் இல்லை. கீரி கை தூக்கியது. நரி இரண்டு கையையும் தூக்கியது. "ரொம்ப நாளா யாராவது கேக்கணும்னு நெனச்சேன் சார். கண்டதுங்க எல்லாம் உள்ள வருது" என்றது நீர்நாய், கீரியைப் பார்த்துக்கொண்டே. செல்வராணிகூடக் கை தூக்கினாள். வாசலில் காவலுக்கு நின்ற எருமை மாயாண்டியும் தூக்கியது. ஒதுக்கப்படப் போவது யாரோ இன்னொருவர் என்பதில் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. அத்தனை ஒற்றுமையை அந்த நகர் அதற்கு முன்னால் கண்டதில்லை.

படிவம் வீடுவீடாகப் போனது. வந்தேறிகள் எல்லோரும் ஓணான் ஓதின பாடத்தை மறக்கவில்லை. நம்ம ஆளா? ஆம். வருமானம்? அவர்களுக்குப் படிவம் என்றாலே வீட்டுக்கடன் படிவம்தான் பழக்கம். ஆகவே சம்பளத்தோடு போனஸ், வரப்போகிற போனஸ், மாமனார் தருவதாகச் சொன்னது எல்லாவற்றையும் கூட்டி எழுதினார்கள்.

மான்களுக்குப் படிவம் என்றால் ரேஷன் கார்டுப் படிவம். வருமானம் என்கிற சொல்லைப் பார்த்ததுமே இருபது மான்களின் கையும் தானாக 'இல்லை' என்று எழுதியது. மூன்று மாடி வாடகை வருகிற மானும் 'இல்லை' என்றே எழுதியது. எழுதாவிட்டால் சர்க்கரை நின்றுபோகுமே. முதல் கேள்வியைப் பார்த்து மான்களுக்குக் கோபம் வந்தது. நகரைக் கட்டின நம்மையே நம்ம ஆளா என்று கேட்பதா? ரோஷத்தோடு கட்டத்தைக் காலியாக விட்டன. தணிகாசலமும் தன் படிவத்தில் காலியாகவே விட்டார். செயலாளரைப் போய் யார் கேட்கப் போகிறார்கள்?

விவரமெல்லாம் புது கேட் மெஷினுக்குள் போனது. மெஷினுக்கு ரோஷம் தெரியாது. காலியாக இருந்தால் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டது. வந்த கணக்கு இது: நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களில் தொண்ணூற்றிரண்டு நம்ம ஆள். சராசரி வருமானம் பத்து வருஷத்தில் மூன்று மடங்கு உயர்வு. தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. பட்டியலைப் புரட்டிப் பார்க்காமலே மைக்கைப் பிடித்து, "நம்ம ஆளுங்க எங்கயும் போயிடலை, இங்கதான் இருக்காங்க. நம்ம பண்பாடுதான் இந்த வருமானத்துக்குக் காரணம்" என்று முழங்கினார். கீரிகள் கை தட்டின.

மறுநாள் காலை அவர் முன்வாசலில் அட்டையை நீட்டினார். மெஷின் சிவப்பாக எரிந்தது. இனிமையான குரலில், "மன்னிக்கவும். தாங்கள் பின்வாசலைப் பயன்படுத்தவும்" என்றது.

"மாயாண்டி, இது ரிப்பேர்."

மாயாண்டி பட்டியலை எடுத்துப் பொறுமையாக விரல் வைத்துப் படித்தது. "ரிப்பேர் இல்ல சார். உங்க பேரு மத்தவங்க லிஸ்ட்ல இருக்கு. நம்ம ஆளு இல்ல, வருமானமும் இல்லன்னு போட்டிருக்கு."

"யோவ், நான்தான்யா செயலாளர்!"

"தெரியும் சார். லிஸ்ட்ல இருக்கிறபடி செய், மூஞ்சியப் பாக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். நீர்நாய் தலையை வெளியே நீட்டி, "இதுக்குத்தான் சார் தீர்மானம் போட்டோம்" என்றது.

அன்றைக்கு இருபது மான் குடும்பங்களும் சாக்கடையைத் தாண்டின. இரண்டு நாள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. மூன்றாம் நாள் அவமானத்தைப் பெருமையாக்குகிற வழி கிடைத்துவிட்டது. பின்வாசலுக்குச் சாயம் அடித்து, 'மூத்தகுடி வாசல்: புள்ளிமான்களுக்கு மட்டும்' என்று பலகை வைத்தன. 'மட்டும்' என்கிற சொல்லைப் பார்த்ததும் முன்வாசல்காரர்களுக்கு ஏதோ போல் ஆகிவிட்டது. இரண்டு நரிக் குடும்பங்கள் கட்டணம் கட்டினால் அந்த வழியாக விடுவீர்களா என்று கேட்டு மனு கொடுத்தன. தணிகாசலம் மனுவை நிறுத்திவைத்தார். அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

இந்தப் பெருமையெல்லாம் விசாலத்தின் காலுக்குத் தெரியவில்லை. அவளுக்கு வலது பின்னங்கால் மூட்டு தேய்ந்திருந்தது. வாரம் மூன்று நாள் கொக்கு டாக்டரிடம் போக வேண்டும். ஐந்து நிமிஷ நடையே அவளுக்கு இருபது நிமிஷம். இப்போது முள்ளுக்குள் சுற்றிப் போய், வரும்போது கால் இன்னும் வீங்கிப் போய் வந்தாள். மூன்றாவது வாரம் சாக்கடைப் பலகையில் வழுக்கி விழுந்தாள். தூக்கிவிட்டது மாடியில் குடியிருந்த செல்வராணி. முள் குத்தாமல் தூக்க அவள் பட்ட பாடு பெரும் பாடு.

"என்னங்க, அந்தப் படிவத்தைத் திருத்திக் குடுத்திடுங்க. என்னால முடியல" என்றாள் விசாலம்.

"திருத்தணும்னா மாடி வாடகையைக் காட்டணும். காட்டினா வட்டாட்சியருக்குப் போகும். கார்டு போயிடும்."

"போகட்டுமே. மாசம் ஒரு கிலோ சர்க்கரைதானே?"

"சர்க்கரைக்காக இல்லடி. ஒரு தடவை விட்டா திரும்ப வராது. அதுவும் யாருகிட்ட போய் ஜாமீன் கேக்கறது? ஒரு முள்ளம்பன்றிகிட்டயா?"

"மாசம் பொறந்தா அவகிட்ட கை நீட்டி வாங்கறீங்களே, அப்ப முள்ளு குத்தலையா?"

"அது வாடகை. வாடகைக்கு இனம் கிடையாது."

முப்பத்தைந்து வருஷம் இந்த ஆளுக்கா சமைத்துப் போட்டோம் என்று விசாலத்துக்கு அருவருப்பாக இருந்தது. அவர் கவனிக்கவில்லை. நரிகளின் மனுவுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். செல்வராணி நாற்காலி போட்டாள்.

"எனக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும்மா."

"போடறேன் ஆன்ட்டி. ஆனா வீட்டு வருமானம்னு சார் பேர்ல இல்ல காட்டணும்?"

"வீடு என் பேர்ல இருக்கு. வாடகையும் அப்ப என் வருமானம்தான். நான் தனிக் குடும்பம்னு எழுதிடறேன்."

செல்வராணி பேனாவை எடுத்துவிட்டு ஒரு கணம் நின்றாள். "ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. வாடகையைக் கொஞ்சம் கொறைப்பீங்களா?" அவளும் அந்த நகரில் இரண்டு வருஷம் இருந்துவிட்டாள் அல்லவா. விசாலம் பாதியாகக் குறைத்தாள். செல்வராணி கையெழுத்துப் போட்டாள். நம்ம ஆளா என்கிற கேள்விக்கு நேரே விசாலம் 'ஆம்' என்று திருத்தமாக எழுதினாள். படிவத்தைத் தணிகாசலத்திடம் காட்டாமல் மாயாண்டியிடம் கொடுத்தாள். மறுநாள் முன்வாசல் மெஷின் அவளுக்குப் பச்சையாக எரிந்து வணக்கம் சொன்னது.

தணிகாசலத்துக்கு விஷயம் ரேஷன் கடையில் தெரிந்தது. கார்டிலிருந்து விசாலத்தின் பெயரை நீக்கி, அவரை ஒரு நபர் குடும்பமாகப் பிரித்திருந்தார்கள். வேறொரு ஆளாக இருந்தால் நேரே வீட்டுக்கு ஓடியிருப்பான். தணிகாசலம் நின்று நிதானமாக யோசித்தார். வருமானம் அவள் பேரில். கார்டு தன் பேரில். ஒரு நபருக்கான அரைக் கிலோ கையில். எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. நினைக்க நினைக்க அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சர்க்கரைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழை இல்லை. சாக்கடை பொங்கி மூத்தகுடி வாசல் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. பலகை மிதந்துபோய் முள்ளில் மாட்டிக்கொண்டது. தணிகாசலம் சர்க்கரைப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார்.

"உள்ள விடு மாயாண்டி. சர்க்கரை கரையுது."

"அட்டை சிவப்பு எரியும் சார்." எருமைக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்தது. "ஒண்ணு செய்யலாம். விசிட்டர்னா யாரா இருந்தாலும் விடலாம். யாரைப் பாக்க வந்தீங்கன்னு நோட்ல எழுதிட்டுப் போங்க."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. நோட்டைப் பிரித்தார். பெயர் எழுதினார். யாரைப் பார்க்க: திருமதி விசாலம். காரணம்: சாப்பாடு. அடுத்த கட்டம், உறவு. அங்கே பேனா நின்றது. கணவர் என்று எழுதினால் இரண்டும் ஒரே குடும்பம் என்றாகும். ஒரே குடும்பமானால் வாடகை அவர் வருமானத்தில் சேரும். கார்டு போகும். அரைக் கிலோவும் போகும். மழை நோட்டின் ஓரத்தை நனைத்தது. எழுத்தர் அல்லவா, இந்த முறை எந்தக் கட்டத்தையும் அவர் காலியாக விடவில்லை. 'தெரிந்தவர்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

மாயாண்டி வீட்டுக்குப் போன் போட்டது. "அம்மா, உங்களைப் பாக்க ஒருத்தர் வந்திருக்கார். தெரிஞ்சவர்னு எழுதியிருக்கார்."

மறுமுனையில் விசாலம் சொன்னாள்: "சரி, அனுப்பு. எத்தனை மணிக்குத் திரும்பிப் போவார்னும் எழுதி வாங்கிக்க."

நீதி: பக்கத்து வீட்டுக்கு எந்த இனம் குடிவந்தாலும் குடும்பத்துக்குக் கேடில்லை, சொந்த வீட்டை மட்டும் மனைவி பெயரில் பதிவு செய்துவிடாதீர்கள்.